கேள்வி - பதில்: கட்டைவிரலும் ஆக்டேவும்

கேள்வி: ஜாஸ் கிதார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரி போலக் கிதாரில் ஆக்டேவ் (ஒரே ஸ்வரத்தைக் கீழ், மேல் ஸ்தாயிகளில் சேர்த்து ஒலிப்பது) வாசிக்க முயல்கிறேன். நடுவில் வேண்டாத ஸ்வரம் ஒன்று சேர்ந்து ஒலிக்கிறது. ஏன்?

பதில்: நடுத் தந்தி அடங்கவில்லை. 6ஆவது தந்தியில் 3ஆவது ஃப்ரெட்டை (கிதார் கழுத்தின் உலோகப் பட்டைகளால் பிரிந்த கட்டம்) ஆள்காட்டி விரலாலும், 4ஆவது தந்தியில் 5ஆவது ஃப்ரெட்டை மோதிர விரலாலும் அழுத்துங்கள். ஆள்காட்டி விரலைச் சற்றே சாய்த்தால் அதன் சதை 5ஆவது தந்தியைத் தொட்டு அடக்கிவிடும். செங்குத்தாக ஊன்றினால் அது ஒலிக்கத்தான் செய்யும். 5, 3 தந்திகளுக்கும் இதே அமைப்பு.

4, 2 தந்திகளிலும் 3, 1 தந்திகளிலும் இடைவெளி மூன்று ஃப்ரெட். அங்கே சுண்டுவிரல் நல்லது. 3ஆவது, 2ஆவது தந்திகளின் சுருதி இடைவெளி மற்றவற்றைவிட அரை ஸ்வரம் குறைவு என்பதால் இந்த மாற்றம். பலர் தடுமாறுவது இங்கேதான்.

வெஸ் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) பயன்படுத்தவில்லை. கட்டைவிரலின் சதைப் பகுதியால் மேலிருந்து கீழாக மீட்டினார். அந்த மென்மையான நாதம் நகம் பட்டால் கெட்டுவிடும். முதல் வாரம் மெதுவான வேகமே போதும்.

கேள்வி: அவர் பெரிய நகரம் போய்தான் புகழ் பெற்றாரா?

பதில்: இல்லை. பிறந்த ஊரான அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் இண்டியானா அவென்யூ கிளப்புகள். சகோதரர்களில் மங்க் பாஸ் வாத்தியமும், பட்டி பியானோவும் வாசித்தார்கள். ட்ரம்பெட் மேதை ஃப்ரெடி ஹபார்டும் இளவயதில் இவர்களோடு வாசித்து, 1957இல் இசைப்பதிவும் செய்தவர். 1959இல் அங்கே வெஸ்ஸைக் கேட்ட சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி, ரிவர்சைட் இசைத்தட்டு நிறுவனத்திடம் பரிந்துரைத்தார். 'ஃபோர் ஆன் சிக்ஸ்', 'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்' இரண்டும் வெஸ்ஸின் சொந்த இசையமைப்புகள், 1960இல் பதிவானவை. ஆக்டேவ் பழக 'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்' அருமையான பாடம்.