கொலு வைக்காத வீட்டில் குடில்

அன்புள்ள ஐயா,

குன்னூர் பக்கம் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்தவன் நான். அப்பா 70களில் கண்டியிலிருந்து வந்தவர். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. டிசம்பர் 24 பெரியார் நினைவு நாளன்று மாலை போடப் போவேன். மறுநாள் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க நண்பர் வீட்டில் பிரியாணி. இதுவரை சிக்கல் வந்ததில்லை. இந்த வருடம் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள், நம் வீட்டிலும் ஸ்டார் கட்டணும், குடில் வைக்கணும் என்கிறாள். இயக்கத் தோழர் ஒருவர், “கொலு வைக்காத வீட்டில் குடில் எதற்கு?” என்று கேட்டார். நண்பரும் சிரித்துக்கொண்டே, “இயேசு இல்லாம என்னப்பா கிறிஸ்துமஸ்?” என்றார். அது பழைய ரோமானிய சூரிய விழாதானே, எல்லாருக்கும் பொதுதானே என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. நம்பாதவன் கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா? நள்ளிரவுப் பூசைக்கும் கூப்பிட்டிருக்கிறார். போகலாமா?

ஒரு வாசகர், குன்னூர்

அன்புள்ள நண்பருக்கு,

பிரியாணிக்குப் போங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சூரிய விழா வாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பகுத்தறிவு பேசும் நம்மில் பலருக்கு அது கைக்கு எளிதாக வரும் வாதம், எனக்கும்தான். ரோமில் கி.பி. 354இல் தொகுக்கப்பட்ட நாட்காட்டி ஏட்டில் டிசம்பர் 25க்குக் கிறிஸ்து பிறப்பும் இருக்கிறது, வெல்ல முடியாத சூரியனின் பிறந்தநாளும் இருக்கிறது. எது எதைப் பார்த்து வந்தது என்று அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. மரியாள் கருவுற்றது மார்ச் 25 என்று வைத்து ஒன்பது மாதம் கூட்டிய கணக்கு என்பாரும் உண்டு. ஒரு பேச்சுக்குச் சூரிய விழாவே என்று வைத்துக்கொள்வோம். அதனால் உங்கள் நண்பருக்கு என்ன? உதகை புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு மரம் வந்தது திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து. 1831 ஈஸ்டரிலிருந்து அந்த உத்தரத்தின் கீழே மண்டியிடுகிறவர்கள் யாரும் திப்புவைக் கும்பிடவில்லை.

இன்னொன்று. கிறிஸ்துமஸை முதலில் தடை செய்தவர்கள் நம் கட்சிக்காரர்கள் இல்லை, கடும் விசுவாசிகள். 1647இல் இங்கிலாந்தில் பியூரிட்டன் நாடாளுமன்றம் அந்தப் பண்டிகையை ஒழித்து ஆணையிட்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். வேதத்தில் தேதியே இல்லையே என்பதுதான் அவர்களுடைய வாதமும். யெகோவாவின் சாட்சிகள் இன்றைக்கும் கொண்டாடுவதில்லை.

உங்கள் தோழரின் கேள்வி கனமானது. கிண்டல் என்று தள்ளிவிடாதீர்கள். பெரியார் தீபாவளியை எதிர்த்தது அதில் சாமி இருக்கிறது என்பதற்காக மட்டுமா? கொல்லப்பட்ட நரகாசுரன் யார், அந்தச் சாவை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்டார். பொங்கலை ஏற்றுக்கொண்டார். ஒரு பண்டிகையின் கதை யாரைக் கீழே தள்ளுகிறது என்பதே அவர் கேள்வி. அதைக் கிறிஸ்துமஸிடமும் கேட்டுப் பார்க்கலாமே.

லூக்கா சொல்வதைப் படியுங்கள். ரோமப் பேரரசன் குடிமதிப்பு எழுதக் கட்டளையிடுகிறான். எழுதிக்கொள்ள அவரவர் சொந்த ஊருக்குப் போகவேண்டும். நிறைமாதக்காரி ஒருத்தி புருஷனோடு கிளம்புகிறாள். போன ஊரில் தங்க இடமில்லை. பிள்ளையை மாட்டுத் தீவனத் தொட்டியில் கிடத்துகிறாள். மத்தேயுவில் இன்னும் மோசம்: அரசன் குழந்தைகளைக் கொல்ல ஆளனுப்ப, குடும்பம் எகிப்துக்கு ஓடுகிறது. உங்கள் அப்பா இதைக் கேட்டால் என்ன சொல்வார்? 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளி மலையக மக்கள் 9,75,000 பேரைக் காகிதத்தில் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. எந்த ஊர் சொந்த ஊர் என்பதை அந்த மக்களிடம் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில்தான் நீங்கள் வளர்ந்தீர்கள். அந்தப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே அவன் தாய் பாடுகிற பாட்டு ஒன்றும் லூக்காவில் உண்டு. வலியவர்கள் இருக்கையிலிருந்து இறக்கப்படுவார்கள், பசித்தவர்கள் நிறைவார்கள், செல்வர்கள் வெறுங்கையோடு போவார்கள் என்கிறாள். கறுப்புச் சட்டைக்காரருக்கு இதில் கசக்க என்ன இருக்கிறது?

கசக்கிற இடம் வேறு. அந்தத் தொட்டியில் கிடந்தது கடவுளேதான் என்கிறார் உங்கள் நண்பர். அவருக்கு அதுதான் கிறிஸ்துமஸ், மற்றதெல்லாம் ஜோடனை. நீங்கள் அதை நம்பவில்லை, நானும் நம்பவில்லை. அதற்காக ‘அன்பின் திருநாள்’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசி அவருடைய பண்டிகையைக் கரைத்துவிடக் கூடாது. அந்தக் கடவுளின் பெயரால் நடப்பதற்கெல்லாம் நாம் தலையாட்டவும் வேண்டாம். கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்த்த கிறிஸ்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அதைக் கேட்கிற உரிமை பிரியாணி சாப்பிட்டதால் போய்விடாது.

இனி உங்கள் வீடு. மார்கழியில் கோத்தகிரி பக்கம் பேரகணியில் படுகர்களின் ஹெத்தையம்மன் விழா நடக்கிறது. வெள்ளுடையில் கிளம்பும் படுகர் நண்பர் கூப்பிட்டால் கூடவே போவீர்கள். திரும்பி வந்து, பார்க்க அழகாக இருந்தது என்று அந்தச் சடங்கை உங்கள் வீட்டில் நடத்தமாட்டீர்கள். அது அவர்களுடைய மூதாதைத் தாய். கிறிஸ்துமஸில் மட்டும் நமக்கு அந்தக் கூச்சம் வருவதில்லை, ஏனென்றால் அது கடையில் கிடைக்கிறது.

ஆகவே ஸ்டார் கட்டுங்கள். இந்த மலையில் அது எப்போதோ தெருவிளக்கு மாதிரி ஆகிவிட்டது. குடில் வேண்டாம் என்பது என் எண்ணம். 1223இல் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் அதை அமைத்தது, அந்த ஏழ்மையை ஜனங்கள் கண்ணால் பார்த்து ஜெபிக்கட்டும் என்று. அது வழிபாடு. மகளை நண்பர் வீட்டுக் குடிலுக்கு வேலை செய்ய அனுப்புங்கள். வைக்கோல் பரப்பவும் பொம்மை அடுக்கவும் அங்கே ஆள் வேண்டியிருக்கும். கதையை அவர் வாயாலேயே கேட்கட்டும். உனக்கு நம்பிக்கை இல்லையா அப்பா என்று அவள் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள், அவர் எதிரிலேயே. தோழரிடமும் சொல்லுங்கள்: யாராவது கொலுவுக்குக் கூப்பிட்டால் சுண்டல் வாங்கப் போவேன் என்று. போகவும் செய்யுங்கள்.

பூசைக்குத் தாராளமாகப் போகலாம். எல்லாரும் எழும்போது எழுந்து நின்றால் போதும், மண்டியிட வேண்டியதில்லை. நற்கருணை வரிசையில் மட்டும் போய் நிற்காதீர்கள். அது அந்தத் திருச்சபையாருக்கு. கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள், அன்றைக்குப் பின் வரிசைதான் முதலில் நிறையும்.

அன்புடன்.