கண்ணை அசைத்தால் விபத்தின் அதிர்ச்சி தீருமா? இ.எம்.டி.ஆர். சிகிச்சை ஹிப்னாடிசமா?

அதிர்ச்சி தந்த காட்சியை நினைத்தபடி உளவியலாளரின் விரலசைவைக் கண்ணால் தொடரும் மனநலச் சிகிச்சைதான் இ.எம்.டி.ஆர். எனக்குப் பலன் தந்தது. ஹிப்னாடிசம் இல்லை, முழு விழிப்போடுதான் உட்கார்ந்திருந்தேன்.

கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் போனபோது தண்ணீர் லாரி இடித்தது. அவருக்குக் கால் முறிவு, எனக்கு வெறும் சிராய்ப்பு. ஆறு மாதத்தில் அவர் மறுபடி வண்டி ஓட்டத் தொடங்கிவிட்டார். எனக்கோ மூன்று ஆண்டுகள் கழித்தும் பிரேக் சத்தம் கேட்டால் உள்ளங்கை வியர்க்கும், சாலையில் சிதறிய எலுமிச்சை சாதம் கண்முன் நிற்கும். 'நேரமாகிறது என்று நான்தானே அவசரப்படுத்தினேன்' என்ற எண்ணமும் கூடவே வரும்.

எட்டுக் கட்டங்கள் கொண்ட சிகிச்சை இது. முதல் இரண்டு முறையும் உளவியலாளர் விரலையே தூக்கவில்லை. நடந்ததைக் கேட்டார், பதறினால் மனத்தை நிலைப்படுத்தப் பழக்கினார். இதற்கா இத்தனை கட்டணம் என்று முணுமுணுத்தேன்.

மூன்றாம் முறை அந்தக் காட்சியை நினைக்கச் சொல்லி, எவ்வளவு வலிக்கிறது என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்டார். 9 என்றேன். அவர் விரல் இடமும் வலமும் போக, என் கண் அதன் பின்னே ஓடியது. அரை நிமிடத்தில் நிறுத்தி, "இப்போது என்ன வருகிறது?" என்பார். சொன்னதற்கு விளக்கம் கேட்க மாட்டார், மறுபடி விரல். அப்படி ஒரு சுற்றில், ஆம்புலன்ஸ் வரும்வரை எங்களுக்குக் குடை பிடித்து நின்ற டீக்கடைக்காரர் நினைவுக்கு வந்தார். அவரை அடியோடு மறந்திருந்தேன். அடுத்த சுற்றில், லாரி தவறான பக்கத்தில் வந்ததும். தெரியாததல்ல; ஆனால் அன்றுதான் உறைத்தது.

1987இல் பூங்காவில் நடந்தபோது தன் கண்ணசைவோடு வேதனை குறைவதைக் கவனித்ததாக, இதை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ சொன்னார். 2013இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. நினைவைப் பிடித்துக்கொண்டே விரலையும் தொடரும்போது மூளைக்கு இரட்டை வேலை. அதனால் காட்சியின் கூர்மை மழுங்குகிறது என்பது ஒரு விளக்கம். கண்ணசைவு அவசியமே இல்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு.

வீடியோ பார்த்து வீட்டில் முயலாதீர்கள். அந்த மூன்றாம் சந்திப்பின் இரவு கெட்ட கனவுகளால் நான் தூங்கவேயில்லை. மறுநாள் கேட்க ஆள் இருந்தார்.

ஏழாம் முறை 1 என்றேன். 0 ஏன் இல்லை என்று கேட்டார். தண்ணீர் லாரிக்குக் கொஞ்சமும் பயப்படாமல் இந்த ஊரில் எப்படி வண்டியில் போவது என்றேன். சிரித்துக்கொண்டே 1 என்று எழுதிக்கொண்டார்.