மூன்று வேளையும் டப்பா மாவு போதுமா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு மாதம் ஆகிறது. நானும் கணவரும் ஓஎம்ஆரில் ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கிறோம். பிரசவ விடுப்பு முடிந்து இரண்டு மாதமாக ஆபீஸ் போகிறேன். பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு மூட்டு வலி, ரொம்ப நேரம் அடுப்படியில் நிற்க முடியாது. அதனால் மூன்று வேளையும் கடையில் வாங்கும் டப்பா மாவுதான். ஸ்பூனில் கொடுத்தால் துப்புகிறான் என்று பாக்கெட் பாலில் கரைத்து பாட்டிலில் கொடுக்கிறோம். வெளியே போனால் உறிஞ்சிக் குடிக்கிற பழக்கூழ் பாக்கெட். பருப்பு சாதம் கொடுத்தால் குமட்டுகிறான். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறைதான் வெளிக்குப் போகிறான், அதுவும் கட்டியாக, அழுதுகொண்டே. ஊரில் இருக்கும் என் அம்மா, "டப்பாவைக் கொடுத்தே பிள்ளையைக் கெடுக்கிறாய்" என்கிறார். நான் தப்பு செய்கிறேனா, டாக்டர்?
— வாசகி, மேடவாக்கம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. நீங்கள் பிள்ளையைக் கெடுக்கவில்லை. கையில் இருக்கும் நேரத்தில் அவன் வயிறு காயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் மாற்ற வேண்டும். அதில் ஒன்றை நாளைக்கே மாற்ற வேண்டும்.

2017 முதல் சட்டப்படி உங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் பிரசவ விடுப்பு 26 வாரம், அதாவது 182 நாள். குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று நாங்கள் சொல்கிற காலம் 180 நாள். பிரசவத்துக்கு முன்பே சில வாரம் விடுப்பு எடுத்திருந்தால் கணக்கு இன்னும் குறையும். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக, கொட்டிக் கவிழ்த்துச் சாப்பாடு பழக்க வேண்டிய அதே வாரத்தில் அம்மா லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கிறது. என் கிளினிக்குக்கு எட்டு மாதம், ஒன்பது மாதக் குழந்தையோடு வரும் வேலைக்குப் போகிற அம்மாக்கள் பாதிப் பேர் சொல்வது உங்கள் கதையைத்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

சரி, டப்பா மாவுக்கு வருவோம். அதை விஷம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. அதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது: இரும்புச் சத்து. வயிற்றில் இருக்கும்போது குழந்தை அம்மாவிடமிருந்து சேர்த்து வைத்துக்கொண்ட இரும்பு ஏறக்குறைய ஆறாவது மாதத்தில் தீர ஆரம்பிக்கும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. வெறும் அரிசிக் கஞ்சியிலும் குறைவுதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூற்றுக்கு அறுபத்தேழு! அதனால் டப்பாவுக்குப் பயந்து, சர்க்கரை போட்ட அரிசிக் கஞ்சியை மட்டும் மூன்று வேளையும் கொடுக்கிற வீட்டைவிட, இரும்பு சேர்த்த மாவைக் கொடுக்கிற வீடு எனக்குப் பரவாயில்லை.

ஆனால் எந்த டப்பா என்பதைப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகத்தான் அச்சடிப்பார்கள். முதல் மூன்று நான்கு பெயர்களுக்குள் சர்க்கரை இருந்தால் அந்த டப்பா வேண்டாம். சர்க்கரை என்று நேராகப் போடாமல் சுக்ரோஸ், குளுக்கோஸ் சிரப், தேன், பழச்சாறு அடர்வு என்றும் இருக்கலாம். அதுவும் இனிப்புதான். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிஞ்சுக் குடலில் பெருகி நரம்பைத் தளர்த்திவிடும். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த பப்ளிக் ஐ என்ற அமைப்பு 2024 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் விற்கும் ஒரு பிரபல குழந்தை உணவில் வேளைக்கு ஏறக்குறைய 3 கிராம் சர்க்கரை தனியாகச் சேர்க்கப்பட்டிருந்ததை அது சொன்னது. அதற்குப் பிறகு சர்க்கரை சேர்க்காத வகைகளும் கடைக்கு வந்திருக்கின்றன. தேடி வாங்குங்கள். தினமும் இனிப்பாகவே பழகிய நாக்கு பருப்பு சாதத்தைத் தள்ளுவதில் ஆச்சரியம் இல்லை.

ஆன்லைனில் "வீட்டு முறையில் செய்தது" என்று விற்கிற சத்துமாவையும் இதே கண்ணோடு பாருங்கள். அதுவும் கடையில் வாங்கியதுதான். பல பாக்கெட்டுகளில் வெல்லத் தூளும் பால் பவுடரும் இருக்கும், இரும்பு தனியாகச் சேர்த்திருக்க மாட்டார்கள். எட்டு மாதத்தில் பாதாம், முந்திரி, பிஸ்தா என்று பத்து சாமான் ஒன்றாக அரைத்த மாவைக் கொடுத்து ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

இப்போது, நாளைக்கே மாற்ற வேண்டியது. அந்த பாட்டில். தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

மாவைக் கரைத்து பாட்டிலில் கொடுக்கும் வீடுகளில் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். மாவு நிப்பிளில் அடைக்கும். உடனே ஊசியைச் சூடுபண்ணி ஓட்டையைப் பெரிதாக்குவார்கள். இல்லையென்றால் இன்னும் தண்ணியாகக் கரைப்பார்கள். ஓட்டை பெரிதானால் விழுங்கும் வேகத்தைவிடப் பால் வேகமாக வந்து புரையேறும். தண்ணியாகக் கரைத்தால் வயிறு நிறையும், சத்து போதாது. எட்டு மாதக் குழந்தையின் வயிறு அதன் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 30 மில்லிதான் கொள்ளும். எட்டு கிலோ குழந்தைக்கு 240 மில்லி, ஒரு டம்ளர் அளவு. அதில் தண்ணீரை நிரப்பினால் சாப்பாட்டுக்கு இடம் ஏது? தவிர, நிப்பிளின் இடுக்கில் ஒட்டும் மாவைக் கழுவி எடுப்பது பெரும் பாடு. சென்னை வெயிலில் அது இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும். வயிற்றுப்போக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

இன்னொன்று, பாட்டிலில் குடிக்கும்போது நாக்கு உறிஞ்சும் வேலையை மட்டும் செய்கிறது. உணவை நாக்கால் பின்னுக்குத் தள்ளி, ஈறால் மசித்து விழுங்குகிற பாடத்தை அது படிப்பதே இல்லை. பழக்கூழ் பாக்கெட்டும் அப்படித்தான். பயணத்தில் என்றைக்காவது கொடுங்கள், ஆனால் கிண்ணத்தில் பிழிந்து ஸ்பூனில் கொடுங்கள்.

போன மாதம் பத்து மாதப் பெண் குழந்தை ஒன்று வந்திருந்தது. எடை நன்றாக இருந்தது, சிரித்த முகம். ஆவியில் வெந்த இட்லியில் ஒரு மிளகளவு பிய்த்து அதன் உதட்டில் வைத்தேன். நாக்கை நீட்டி அதை வெளியே தள்ளியது. மறுபடி வைத்தேன். கண்ணில் தண்ணீர் வர, ஓக்களித்தது. அது நாள்வரை மிக்ஸியில் அடித்ததைத் தவிர வேறெதுவும் அதன் வாய்க்குள் போனதில்லை. கெட்டியாக ஒன்று வந்தால் என்ன செய்வதென்று அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து அதே குழந்தை கால் இட்லியைப் பருப்புத் தண்ணீரில் தொட்டுத் தின்றது.

உங்கள் மகன் குமட்டுவதும் இதுதான். குமட்டலும் மூச்சடைப்பும் வேறு வேறு. குமட்டும் குழந்தை சத்தம் போடும், இருமும், முகம் சிவக்கும், உணவை முன்னுக்குக் கொண்டுவந்துவிடும். மூச்சடைத்தால் சத்தமே வராது, உதடு நீலமாகும். அது அவசரம். முன்னதற்குப் பயந்து கட்டி இல்லாத கூழுக்கே திரும்பிப் போய்விடாதீர்கள். இங்கிலாந்தில் ஏவன் வட்டாரக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒன்பது, பத்து மாதம் தாண்டிய பிறகே மசித்த, கட்டியுள்ள உணவைப் பார்த்த குழந்தைகளிடம் ஏழு வயதிலும் சாப்பாட்டுத் தொல்லை அதிகம் இருந்தது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஒரு புது ருசியை எட்டு பத்து முறையாவது காட்டினால்தான் பல குழந்தைகள் ஏற்கும். ஒரு முறை துப்பியதும் "அவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

மலச்சிக்கலுக்கு முக்கியக் காரணம் அந்தப் பாக்கெட் பால் என்றே நினைக்கிறேன். நீங்கள் வாங்கும் மாவில் பால் பவுடர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்கச் சொல்லித்தான் போட்டிருப்பார்கள். அதன்மேல் மாட்டுப் பாலும் ஊற்றினால் பால் இரட்டிப்பாகிறது, மலம் இறுகுகிறது. மாட்டுப் பாலில் இரும்பு மிகவும் குறைவு, மாவில் இருக்கும் இரும்பு உடம்பில் சேர்வதையும் அது குறைக்கும். ஒரு வயது வரை மாட்டுப் பாலைக் குடிக்கும் பாலாகக் கொடுக்க வேண்டாம். தண்ணீரில் கரைத்து, ஸ்பூனைச் சாய்த்தால் வழியாத அளவு கெட்டியாக வைத்து, சின்ன ஸ்பூனில் கொடுங்கள். சாப்பாட்டுக்கு நடுவே இரண்டு மூன்று வாய் வெந்நீர் ஆறவைத்துக் கொடுக்கலாம். ஊறவைத்து மசித்த காய்ந்த திராட்சை, பப்பாளி, கொய்யாவின் விதை நீக்கிய சதை நன்றாக வேலை செய்யும்.

அப்படியென்றால் யார் சமைப்பது, எப்போது? தனியாக எதுவும் சமைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் தினமும் குக்கரில் சாதமும் பருப்பும் வைக்கிறீர்கள் இல்லையா? தாளிப்பதற்கு முன்பு, உப்பு, காரம், புளி போடுவதற்கு முன்பு, ஒரு கரண்டி பருப்பையும் இரண்டு கரண்டி குழைந்த சாதத்தையும் எடுத்து வையுங்கள். அதே குக்கரில் சின்னக் கிண்ணத்தில் ஒரு துண்டு கேரட்டோ பூசணியோ, ஒரு பிடி முருங்கைக் கீரையோ வெந்துவிடும். ஒரு ஸ்பூன் நெய் விட்டு, கையாலோ கரண்டியாலோ மசியுங்கள். மிக்ஸி வேண்டாம். இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு கூடுதலாகச் சேரும். முட்டை சாப்பிடுகிற வீடு என்றால் வெந்த முட்டையை மசித்துக் கொடுங்கள், மஞ்சள் கரு, வெள்ளைக் கரு இரண்டையும். மீன் என்றால் முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்த பிறகு. புது உணவை மூன்று நாளைக்கு ஒன்றாக அறிமுகப்படுத்தினால் போதும்.

நம் வீட்டு இட்லியைவிட நல்ல முதல் உணவை நான் பார்த்ததில்லை. மிருதுவானது, புளித்து எளிதில் செரிப்பது, அரிசியும் உளுந்தும் சேர்ந்தது, கையில் பிடித்துத் தின்னவும் தோதானது. மாவு கரைக்கும்போது ஒரு கரண்டி உப்பில்லாமல் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

ராகிக் கூழ் கொடுப்பதாக இருந்தால் முளைகட்டிய ராகியாக இருக்கட்டும். இதில் நம் பாட்டிமார் கண்டுபிடித்த ஒரு சூட்சுமம் இருக்கிறது. முளைக்கும்போது தானியத்தில் ஒரு நொதி உண்டாகிறது, அது மாவுச் சத்தை உடைக்கும். கெட்டியாகக் காய்ச்சிய கூழ் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு சிட்டிகை முளைகட்டிய மாவைக் கலந்து கிளறினால், தண்ணீரே சேர்க்காமல் இளகிவிடும். குழந்தைக்கு விழுங்க எளிது, சத்தும் குறையாது. நல்ல தண்ணீரில் கழுவி, லேசாக வறுத்து அரைத்த மாவாக இருக்க வேண்டும், பச்சை மாவு வேண்டாம்.

வேளையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் நீங்கள் கிளம்பும் முன் இட்லியோ கூழோ, நீங்களே ஊட்டுங்கள். இல்லை, உங்கள் கணவர் ஊட்டட்டும். இந்தக் கேள்வி எனக்கு எப்போதும் அம்மாக்களிடமிருந்துதான் வருகிறது, அப்பாவும் அதே ஓஎம்ஆரில்தானே வேலை பார்க்கிறார்? மதியம் மாமியாருக்கு மூட்டு வலி, அந்த வேளைக்கு டப்பா மாவு இருக்கட்டும், கிண்ணத்தில், ஸ்பூனில். அதுதான் டப்பாவுக்குச் சரியான இடம். சாயங்காலம் மசித்த வாழைப்பழமோ பப்பாளியோ அவர் உட்கார்ந்தபடியே கொடுத்துவிடலாம். இரவு நீங்கள் வந்ததும் பருப்பு சாதம். இந்த வயதில் ஒரு வேளைக்கு அரைக் கப்பை நோக்கி மெதுவாகப் போனால் போதும். காலையில், ராத்திரியில், வீடு திரும்பியதும் தாய்ப்பால் கொடுங்கள். ஆபீசில் எடுத்து வைக்க முடிந்தால் ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடலாம். மீந்த கூழையோ சாதத்தையோ வெளியே வைத்து அடுத்த வேளைக்குக் கொடுப்பது மட்டும் கூடாது.

உங்கள் அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், கோபம் வேண்டாம். அவர் கவலையில் பாதி நியாயம் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது அவர் கையால் முளைகட்டிய ராகி மாவு அரைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள், சந்தோஷமாகச் செய்வார்.

மலத்தில் ரத்தம், வயிறு உப்பித் திண்ணென்று இருப்பது, பச்சையாக வாந்தி இருந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள். மற்றபடி 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடப் போவீர்கள். அப்போது எடை பார்த்து அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். வெளிறிய மாதிரி தெரிந்தால் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வாரம் இரண்டு முறை 1 மில்லி இரும்பு சிரப் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். வைட்டமின் டி சொட்டு மருந்தை நடுவில் விட்டிருந்தால் உங்கள் டாக்டரிடம் சொல்லித் திரும்ப ஆரம்பியுங்கள். போகும்போது அந்த டப்பாவையும் பையில் எடுத்துப் போங்கள், பின்பக்கத்தை அவரும் ஒரு முறை படிக்கட்டும்.