பொழுது மறுத்து உண்பவள்

அன்புள்ள அம்மா,

மும்பை முலுண்டிலிருந்து எழுதுகிறேன். ஃபோர்ட்டில் ஒரு வங்கியில் வேலை. பொங்கலுக்கு எங்கள் காலனித் தமிழர்கள் பட்டிமன்றம் வைக்கிறார்கள். தலைப்பு, ‘பெண்மைக்கு இலக்கணம் கண்ணகியா மாதவியா’. கல்லூரியில் படிக்கும் என் மகளைக் கண்ணகி அணியில் போட்டிருக்கிறார்கள். “புருஷன் திரும்பி வந்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் கூடக் கிளம்பியவளைப் பற்றி நான் என்ன பேச?” என்று மறுக்கிறாள். பெண்களை இப்படி ஆக்கியது இலக்கியமா, சமூகம் இப்படி இருந்ததால் இலக்கியம் அப்படி எழுதியதா? அவளைப் பேசச் சொல்லட்டுமா? அவள் படிக்கச் சில நல்ல புத்தகங்களும் சொல்லுங்கள். நீளமாகிவிட்டது. மணி பதினொன்று, எல்லாரும் படுத்தாயிற்று. இதை அனுப்பிவிட்டுத்தான் நான் சாப்பிட வேண்டும். யாரும் என்னைக் காத்திருக்கச் சொல்லவில்லை, பழக்கம்தான்.

(பெயர் போட வேண்டாம்)

* * *

அன்புள்ள முலுண்டுக்காரருக்கு,

ஏன் தாயே, சாப்பிட்டுவிட்டு எழுதியிருக்கக் கூடாதா? நான் எங்கே ஓடிவிடப் போகிறேன்?

பட்டிமன்றத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டு பெண்களை மேடையேற்றி யார் உசத்தி என்று கேட்கிறார்கள். நடுவில் ஒருவன் இருந்தானே, அவனை எந்த அணியிலும் காணோம். உங்கள் பெண்ணுக்கு இஷ்டமில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் அவள் சொல்லும் காரணம் சரியில்லை. சோமகுண்டம், சூரியகுண்டத்தில் முழுகிக் காமவேள் கோட்டத்தில் கும்பிட்டால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி சொல்கிறபோது, ‘பீடன்று’ என்று ஒரே சொல்லில் முடித்தவள் கண்ணகி. மதுரையில் கோவலனிடம் ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்று முகத்துக்கு நேராகச் சொன்னவளும் அவள்தான். கூடவே, உங்கள் சொல்லை மாற்றாத வாழ்க்கை என்னுடையது, அதனால் எழுந்து வந்தேன் என்றும் சொல்கிறாள். இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு உங்கள் மகள் மறுக்கட்டும். யாரோ மேடையில் சொன்ன கண்ணகியை மறுப்பதற்கு அவ்வளவு ரோஷம் தேவையில்லை.

இலக்கியமா சமூகமா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. எனக்கு உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள் போதும். கொஞ்ச நாளாகப் பழம்பாடல்களை ஒரே ஒரு கேள்வியோடுதான் படித்துக்கொண்டிருக்கிறேன்: இந்தப் பாட்டில் சாப்பிட்டது யார்?

கண்ணகி கோவலனிடம் அப்படிச் சொன்ன அதே கொலைக்களக் காதையை எடுங்கள். புகாரிலிருந்து மதுரை வரை நடந்து வந்த பெண். அடைக்கலம் தந்த இடைக்குல மாதரி வீட்டில் உட்கார்ந்து காய் நறுக்குகிறாள். வெள்ளரி, மாதுளங்காய் என்று இளங்கோ பட்டியலே போடுகிறார். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, புகையில் கண் சிவக்கிறது. கோவலனுக்குத் தடுக்குப் போட்டு, காலலம்ப நீர் கொடுத்து, குருத்து வாழை இலை விரித்து, ‘அமுதம் உண்க அடிகள்’ என்கிறாள். அவன் உண்டு முடித்ததும் வெற்றிலை பாக்கு. அப்புறம் அவன் சிலம்பை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். கண்ணகி எப்போது சாப்பிட்டாள்? மாதுளங்காயை விடாத கவிஞர் அதை விட்டுவிட்டார்.

நான் சயான் கோலிவாடாவில் ஒற்றை அறை வீட்டில் வளர்ந்தவள். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. ஞாயிறு சாயங்காலம் நாலைந்து பையன்களை உட்கார வைத்துச் சங்கப்பாட்டு சொல்வார். அவருக்கு உயிரான பாட்டு குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. புதுப்பெண் கட்டித் தயிரைக் கையால் பிசைந்து, விரலைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் படிய ஒரு புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் ‘இனிது’ என்று உண்கிறான். அவள் முகம் லேசாக, மிக லேசாக மலர்கிறது. அப்பா அந்தக் கடைசி அடியை இழுத்துச் சொல்லி நிறுத்துவார். ஒருநாள் ஸ்டவ் பக்கத்திலிருந்து அம்மா சொன்னாள்: “முந்தாநாள் தயிரா இருக்கும். கொட்ட மனசு வந்திருக்காது.” பையன்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பாவும் சிரித்தார்.

அந்த அம்மா சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மோரி ஓரத்தில், அதாவது பாத்திரம் கழுவும் மூலையில் நின்றுகொண்டு, அடியில் குழம்பு ஒட்டியிருக்கும் பாத்திரத்திலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து, நாலு விரலால் ஓரத்தை வழித்துச் சாப்பிடுவாள். குழாயில் விடிகாலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். இப்படிச் சாப்பிட்டால் ஒரு தட்டு கழுவுவது மிச்சம். அப்பா கெட்டவர் இல்லை. “நீயும் உட்காரேன்” என்று தினமும் சொல்வார். சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பிப்பார்.

இப்போது நற்றிணை 110-க்கு வருகிறேன், போதனார் பாடியது. எம்.ஏ. தமிழ் படித்த எவரும் இதற்கு உருகியிருப்பார்கள். நானும்தான். முதல் பாதியில் ஒரு சிறுமி. பொற்கிண்ணத்தில் தேன் கலந்த பால். நரைத்த தலைச் செவிலியர் கையில் சிறுகோல் வைத்துக்கொண்டு ‘உண்’ என்று மிரட்ட, காற்சிலம்பு ஒலிக்க அவள் பந்தலுக்குள் ஓடுகிறாள். கிழவிகளால் துரத்த முடியவில்லை. இரண்டாம் பாதியில் அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. கணவன் குடும்பம் நொடித்துவிட்டது. அப்பன் வீட்டுக் கொழுஞ்சோற்றை அவள் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு வேளை விட்டு ஒரு வேளை, ‘பொழுது மறுத்து’ உண்கிறாள். வளர்த்தவர்கள் வியக்கிறார்கள்: இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் இவள் எங்கே கற்றாள்?

நல்ல பாட்டு. கல்நெஞ்சம்தான் கரையாது. ஆனால் ஒரு பெண் பட்டினி கிடப்பதற்குப் பெயர் அறிவு, ஒழுக்கம். வீடு நொடித்தால் அந்தக் கணவனும் வேளை தப்பித்தான் உண்டிருப்பான். அதைப் பார்த்து யாராவது, இவனுக்கு எங்கிருந்து வந்தது இந்த ஒழுக்கம் என்று வியந்தார்களா? அவன் பட்டினி வெறும் வறுமை, அவள் பட்டினி மட்டும் குணம். ‘எங்கே கற்றாள்’ என்று அவர்கள் கேட்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கிண்ணத்தோடு பந்தலைச் சுற்றி ஓடினார்களே அந்தக் கிழவிகள், அவர்கள் எப்போது சாப்பிட்டார்கள்? குழந்தை அதைப் பார்த்துக்கொண்டுதானே வளர்ந்தது? யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. உங்களையும் யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?

பெண்ணின் சாப்பாடு இன்னதென்று விவரமாக வருகிற இடம் ஒன்று உண்டு. புறநானூறு 246, பெருங்கோப்பெண்டு. கணவன் பூதப்பாண்டியன் இறந்தபின் தீப்பாயப் போகிறவள், தடுக்க வந்த சான்றோரைத் திட்டும்போது கைம்பெண்ணின் சாப்பாட்டைச் சொல்கிறாள். நெய் படாத, கையால் பிழிந்தெடுத்த நீர்ச்சோறு. வெள்ளெள் துவையல். புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை. இப்படி உண்டு கிடக்கிற பெண் நான் இல்லை, எனக்கு அந்தத் தீயும் தாமரைக் குளமும் ஒன்றுதான் என்கிறாள்.

அதெல்லாம் அந்தக் காலம் என்று உங்கள் காலனிக்காரர்கள் சொல்வார்கள். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். மாதவிடாயில் இழக்கும் ரத்தமும் காரணம்தான், மறுக்கவில்லை. அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டிய கீரையும் பருப்பும் மீனும் முதல் பந்தியிலேயே தீர்ந்துவிட்டால்? சமைப்பதில் மட்டும் நாம் முதல் பந்தி. 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்குக் கொடுத்தது நாளொன்றுக்கு 299 நிமிஷம், அப்படிச் செய்கிற ஆண்கள் கொடுத்தது 97.

நீங்கள் தினமும் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் வருகிறவர், உங்களுக்குத் தெரியாததா? மடியில் பேப்பரை விரித்து வெந்தயக்கீரை ஆய்வார்கள். இலை டப்பாவுக்குள், காம்பு பிளாஸ்டிக் பைக்குள். காட்கோபர் வருவதற்குள் ஒரு கட்டு முடிந்திருக்கும். அந்தக் கைவேகத்தை வியந்து நாமே எத்தனை கட்டுரை எழுதிவிட்டோம்! பக்கத்து கம்பார்ட்மெண்டில் ஆண்கள் சீட்டாடுகிறார்கள், பஜனை பாடுகிறார்கள்.

மகளுக்குப் படிக்கக் கேட்டீர்கள். பட்டியல் போடும் வேலையை நான் செய்வதில்லை. சமையலறையை வைத்தே கதை எழுதிய அம்பை இதே மும்பையில்தான் இருக்கிறார், அவரிடமிருந்து தொடங்கட்டும். கூடவே புறநானூறு 235. அதியமான் இறந்தபோது ஔவை அழுகிற பாட்டு. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எனக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நான் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான், எலும்போடு சதைத்துண்டு கிடைத்த இடமெல்லாம் எனக்குத்தான் தந்தான் என்கிறாள். சாகாமல் காக்கும் நெல்லிக்கனியையும் தான் தின்னாமல் அவளுக்குத்தானே கொடுத்தான்? ஒரு பெண், தான் குடித்ததையும் தின்றதையும் தன் வாயால் சொல்கிறாள். என்ன நிமிர்வு! அவள் அவன் மனைவி இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அந்த மகளைப் பற்றி இன்னொன்று. கண்ணகியைக் கேள்வி கேட்கிறவள், பதினொரு மணிக்கு அடுக்களையில் ஏன் விளக்கு எரிகிறது என்று எட்டிப் பார்த்தாளா? நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை, நீங்கள் பழக்கியது. நாளைக்கு நாலு தட்டையும் ஒன்றாக வையுங்கள். முடியவில்லையா, நீங்கள் முதலில் உட்காருங்கள். குழம்பு பற்றாமல் போகும் என்பீர்கள். போகட்டுமே. சட்டியின் அடியில் ஒற்றை முருங்கைக்காய் சக்கையாகக் கிடப்பதை உங்கள் கணவரும் ஒருநாள் கரண்டி போட்டுத் தேடிப் பார்க்கட்டும்.