குளிர்காலம் முழுக்க நிறுத்திய பைக்கின் பேட்டரி இறங்குவது குறித்து

வணக்கம். குளிருக்காக வண்டியை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்தும் பேட்டரி 12.2 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பலரும் நம்பிச் செய்கிற அந்த ஐந்து நிமிட ஓட்டம்தான் சிக்கலே: ஸ்டார்ட்டர் இழுத்த மின்சாரத்தை ஐடிலிங்கில், அதாவது வண்டி நகராமல் மெதுவாக, ஓடும் எஞ்சின் பெரும்பாலும் முழுமையாகத் திருப்பித் தருவதில்லை, கடிகாரமும் அலாரமும் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் நெடுநாள் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிகங்கள் இறுகிவிடும் என்பதால், தாமதிக்காமல் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், அதாவது 8 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.8 ஆம்பியரில், சார்ஜ் செய்யுங்கள். சார்ஜரை எடுத்துச் சில மணி நேரம் கழித்தும் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றால் பேட்டரி பிழைத்தது. அதன்பின், நிரம்பியதும் தானாகவே மின்னழுத்தத்தைத் தணித்துக்கொள்ளும் மெயின்டெய்னர் வகை சார்ஜரில் விட்டுவைக்கலாம். பழைய பாணி கார் சார்ஜர் இதற்கு ஆகாது. லித்தியம் பேட்டரி என்றால் இந்த அளவுகள் பொருந்தா, அதற்கென உள்ள சார்ஜரே வேண்டும்.