கைசோகு நிற்காத சனிக்கிழமை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பணிமாற்றலாகி டோக்கியோவுக்கு வந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. வீடு அசகயாவில், அலுவலகம் ஷின்ஜுகுவில். முதல் வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத் தோழி ஒருவர் ஆரஞ்சு நிறப் பட்டையிட்ட சூவோ ரயிலில் என்னுடன் வந்து அசகயாவில் இறக்கிவிட்டார். பலகையில் இருந்த ‘கைசோகு’ என்ற சொல்லை நன்றாக மனத்தில் பதித்துக்கொண்டேன். மறுநாள் ஷின்ஜுகுவிலிருந்து தனியாகத் திரும்பும்போது, அதே நடைமேடையில் அதே சொல்லைப் பார்த்துத்தான் ஏறினேன். ஆனால் என் நிலையம் கண்ணெதிரே கடந்துபோனது. ஒகிகுபோவில் இறங்கி ஓரமாக நின்று அழுதேன். அவ்வளவு பேர் இருந்த பெட்டியில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, ஒரு பேச்சுக் குரலும் இல்லை. இந்த நகரத்துக்கு நான் இருப்பதே தெரியவில்லை என்று தோன்றியது. அங்கே வாழ்ந்தவர் என்பதால் கேட்கிறேன், உங்கள் முதல் ரயில் பயணமும் இப்படித்தான் இருந்ததா?

மீ.

அன்புள்ள மீ.,

நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள், சரியான நடைமேடையில்தான் நின்றீர்கள். கைசோகு எனப்படும் அந்த விரைவு ரயில் திங்கள் முதல் வெள்ளி வரை கோயென்ஜி, அசகயா, நிஷி ஒகிகுபோ ஆகிய மூன்று நிலையங்களிலும் நிற்கும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இம்மூன்றிலும் நிற்காது. பெயர், நிறம், நடைமேடை எதுவும் மாறாமல் கிழமை மட்டும் மாறுகிறது. அந்தப் பாதையில் வளர்ந்தவர்களுக்கு இது உடம்பில் ஊறிய செய்தி என்பதால் உங்கள் தோழிக்கும் அதைச் சொல்லத் தோன்றியிருக்காது. புதிதாக வந்தவர் கேட்கத் தெரியாததும் உள்ளூர்க்காரர் சொல்லத் தோன்றாததும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. முதல் வாரத்தின் தடுமாற்றங்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

இந்த விசித்திரமான ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. உங்கள் நிலையம் சம்பந்தப்பட்டது என்பதால் நீங்கள் அதை அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். கோயென்ஜிக்கு முந்தைய நிலையமான நகானோவுக்கு மேற்கே இரண்டாக இருந்த தண்டவாளப் பாதைகளை நான்காக்கும் பணி 1966-இல் ஒகிகுபோ வரையும் 1969-இல் மிதாகா வரையும் முடிந்தது. எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயிலுக்கு இரண்டு, விரைவு ரயிலுக்கு இரண்டு என்று பாதைகள் பிரிந்தபின், இடையிலுள்ள சிறிய நிலையங்களில் விரைவு ரயில் நிற்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அப்பகுதி மக்கள் அதற்கு உடன்படவில்லை. எங்கள் நிலையத்திலும் நிற்கவேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தியதன் விளைவாக உண்டான சமரசமே இன்றைக்கும் தொடர்கிறது. அன்று அசகயாவில் இருந்தவர்கள் விடாமல் கேட்டதால்தான் வெள்ளிக்கிழமை உங்களால் அங்கே இறங்க முடிந்தது.

இனி சனி, ஞாயிறுகளில் ஷின்ஜுகுவில் மஞ்சள் பட்டையிட்ட ரயிலில் ஏறுங்கள். அது எல்லா நிலையங்களிலும் நிற்கும். தவறி ஒகிகுபோ வரை சென்றுவிட்டாலும் நிலையத்தை விட்டு வெளியே வரவேண்டாம், அங்கும் மஞ்சள் ரயில் நிற்கிறது, எதிர்த்திசையில் ஒரே ஒரு நிறுத்தம்தான். ‘தோக்குபெட்சு கைசோகு’, அதாவது சிறப்பு விரைவு என்று வருவது, எந்தக் கிழமையானாலும் நகானோவை விட்டால் மிதாகாவில்தான் நிற்கும். ஆரஞ்சு ரயிலின் நடுவே இரண்டு மாடிப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். 2025 மார்ச் முதல் அவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு, வெறும் பயண அட்டையை வாயிலில் காட்டி வந்தவர் அங்கே போய் உட்காரக்கூடாது. வார நாட்களில் காலை நெரிசலின்போது நகர மையத்தை நோக்கிச் செல்லும் ரயில்களில் பெண்களுக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது, நடைமேடைத் தரையில் அதற்கான குறியைத் தேடுங்கள்.

நீங்கள் எழுதியவற்றில் என்னைத் தொட்டது அந்த மௌனம் பற்றிய வரிதான். என் முதல் காலைப் பயணமும் அதே பாதையில்தான். ஏறியதும் கதவருகே ஒட்டிக்கொண்டு நின்றேன், இறங்கும் நிலையம் வந்தால் உடனே இறங்கிவிடலாம் என்ற பயத்தில். நகானோவில் கதவு திறந்ததும் உள்ளிருந்து பெருங்கூட்டம் வெளியே வரத் தொடங்கியது. நான் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டேன். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி நடைமேடையில் இறங்கிக் கதவின் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றார். பிறகு என்னைப் பார்த்து, தமக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைத் தலையசைவால் காட்டினார். நானும் இறங்கி அங்கே நின்றேன். இறங்குபவர்கள் இறங்கி முடித்தார்கள். நீண்ட வரிசை ஏறுவதற்குக் காத்திருந்தது, ஆனால் நாங்கள் இருவரும் உள்ளே போகும்வரை வரிசையில் நின்ற எவரும் அசையவில்லை. இத்தனையும் சில நொடிகளுக்குள், ஒரு சொல் இல்லாமல் நடந்தது. அவர்கள் அனைவரும் என்னைப் பார்த்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கைப்பேசியில் பேசாதிருப்பது, முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வது, முகத்தை உற்றுப் பார்க்காதிருப்பது எல்லாம் அந்த நெருக்கத்தில் பக்கத்தில் நிற்பவருக்குச் சிறிது இடம் விட்டுத் தருவதற்காகவே. பெட்டியில் யாரும் உங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதிலும் அத்தகைய ஒதுங்கல் இருந்திருக்கக்கூடும் என்று நான் நம்புகிறேன். ஆனாலும் உங்கள் தனிமையை நான் மறுக்கவில்லை. அப்போது யாராவது ஒருவர் வாய்திறந்து கேட்டிருக்கவேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. எத்தனையோ மாலைகளில் எனக்கும் அந்தப் பெட்டியில் ஒரு குரல் கேட்காதா என்ற ஏக்கம் இருந்தது. ஆண்டுகள் பல சென்றும் அது முற்றாகத் தீரவில்லை.

வரும் சனிக்கிழமை பகல் வெளிச்சத்தில் மஞ்சள் ரயிலின் முதல் பெட்டியில் ஏறி, ஓட்டுநர் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் நில்லுங்கள். வெள்ளைக் கையுறை அணிந்த அவர் ஒவ்வொரு சமிக்ஞை விளக்கையும் விரல் நீட்டிச் சுட்டி, கண்டதை வாய்விட்டுச் சொல்வார். கண்ணும் கையும் வாயும் சேர்ந்து இயங்கினால் கவனம் தப்பாது என்பதற்காக நெடுங்காலமாக ஜப்பானிய ரயில்களில் பின்பற்றப்படும் பழக்கம் இது. இப்படிச் சுட்டிச் சொல்லும்போது பிழைகள் வெகுவாகக் குறைவதை 1994-இல் அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனையும் காட்டியது. மௌனமான அந்த ரயிலில் இடைவிடாமல் பேசிக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான். கோயென்ஜியைத் தாண்டியதும் கேளுங்கள், அடுத்து அவர் நிறுத்தப்போவது உங்கள் நிலையத்தில்.