ஊருணிப் பாசியும் மயில்துத்தமும்

அன்புள்ள ஐயா,

மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. இவ்வாண்டு எங்கள் ஊருணி முழுவதும் பாசி படர்ந்துவிட்டது. மயில்துத்தம் என்னும் செம்பு உப்பை வாங்கிக் கரைத்துவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள், பாசி தாவரமா இல்லையா என்று கேட்கிறாள். அதனால் யாருக்கு என்ன பயன் என்பது என் கேள்வி. சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை உடம்புக்கு நல்லதா என்பதையும் சொல்லுங்கள்.

ம., மேலூர்

அன்புள்ள தம்பிக்கு,

மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்திலேயே சிறந்தது மகளின் கேள்விதான். அந்தக் குழந்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இந்தக் கோடை முழுவதும் வற்றிவரும் கண்மாய்களைப் பார்க்கும்போதெல்லாம் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாசிகள் எல்லாம் ஒரே குலத்தில் பிறந்தவை அல்ல. சுருள்பாசி உள்ளிட்ட நீலப்பச்சைப் பாசிகள் உட்கருவே இல்லாத பாக்டீரியாக்கள். மண்டபம் கடலில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் சிவப்புப் பாசி முற்றிலும் வேறு வகை. நம் ஜிகர்தண்டாவில் வழுக்கும் கடற்பாசி அத்தகைய சிவப்புப் பாசிகளைக் காய்ச்சி எடுப்பது. ஊருணியின் பச்சைப் பாசியோ தாவரங்களுக்கு இரத்த உறவு.

அந்த உறவை எனக்குக் காட்டியவர் என் கல்லூரித் தாவரவியல் ஆசிரியர். வண்டியூர்க் கண்மாயிலிருந்து ஒரு கை பாசியை அள்ளி வந்து, தலைமயிரினும் மெல்லிய ஓர் இழையைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். ஒளி ஊடுருவும் நீண்ட அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒவ்வோர் அறைக்குள்ளும் பச்சை நாடா ஒன்று சுருள் சுருளாகச் சுற்றிக் கிடந்தது. அது ஸ்பைரோகைரா. நிலத்துத் தாவரங்களுக்கு மிக நெருங்கிய நீர்வாழ் உறவு அந்த வகைப் பாசிகளே என்று இன்றைய மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசியியலை வளர்த்தெடுத்த எம். ஓ. பி. அய்யங்கார், ஈர மண்ணில் வளர்ந்து, உடலின் ஒரு பகுதியை மண்ணுக்குள்ளும் மறு பகுதியை மேலேயும் விடும் ஃப்ரிட்சியெல்லா என்ற பச்சைப் பாசியை 1932-இல் உலகுக்கு அறிவித்ததையும் அன்று என் ஆசிரியர்தான் சொன்னார்.

என்ன பயன் என்று கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தக் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது நீலப்பச்சைப் பாசிகளால். கரையில் நிற்கும் வேம்பின் இலைக்குள் உணவு சமைக்கும் பசுங்கணிகம், என்றோ வேறோர் உயிரணுவுக்குள் குடிபுகுந்த நீலப்பச்சைப் பாசியின் வழித்தோன்றல். இன்றும் உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி, கடலில் மிதக்கும் நுண்பாசிகளின் உழைப்பு.

இனி மயில்துத்தத்துக்கு வருகிறேன். அதைக் கரைக்க வேண்டாம் தம்பி, இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். பாசி உங்கள் ஊருணிக்குத் தானாக வந்து கெடுதல் செய்யவில்லை. சலவைத்தூள் நுரை, சாக்கடை, மாட்டுச்சாணம், வயலில் மிஞ்சிய உரம் ஆகியவற்றிலிருந்து பாஸ்பரசும் நைட்ரஜனும் நீருக்குள் சேரச்சேர அது பெருகுகிறது; உணவை அனுப்பியவர்கள் நாம். துத்தம் போட்டால் பாசி ஒரேயடியாகச் செத்து அடியில் அமிழும். அது அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து, மீன்கள் விடியலுக்கு முன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடித் தவித்துச் சாகும். நஞ்சுள்ள நீலப்பச்சைப் பாசி அதில் கலந்திருந்தால், உடைந்த அணுக்களிலிருந்து அந்த நஞ்சு நீரில் கலந்து, குடிக்க வரும் ஆடுமாடுகளைத் தாக்கும். செம்பு சேற்றில் தங்கிவிடும். செத்த பாசியிலிருந்த பாஸ்பரசும் ஊருணியை விட்டு எங்கும் போகாது என்பதால், அடுத்த கோடையில் மீண்டும் அதே பச்சையைப் பார்ப்பீர்கள், மீண்டும் துத்தம் வாங்கக் கூட்டம் போடுவீர்கள்.

துத்தத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஊருணிக்குள் விழும் சாக்கடை வாய்க்காலைத் திருப்பிவிடுங்கள். துணி துவைக்கக் கரைக்கு அப்பால் ஒரு கல்மேடை கட்டி, அதன் தண்ணீர் உள்ளே இறங்காதபடி செய்யுங்கள். மிதக்கும் பாசியை வலைபோட்டு இழுத்துத் தென்னந்தோப்புக்கு எருவாகப் போடுங்கள். அப்போதுதான் அதிலுள்ள சத்து நீரைவிட்டு வெளியேறும். அள்ளும் நாளில் மகளையும் கூட்டிக்கொண்டு போய், ஓர் இழையை அவள் பள்ளி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள்.